கடுக்காயின் வலது முன்கால்

அரியநாயகம் ஆசிரமத்துக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்து நான்கு.

மலையடிவாரத்தில் ஏழு பேர் மட்டுமே இருந்த சிறிய ஆசிரமம் அது. குருவின் பெயர் சுடர்க்கொடி. துறவுக்கு முன் கீழே ஊரில் தையல் கடை வைத்திருந்தவர். இப்போதும் ஆசிரமத்துக்கு வேண்டிய துணிகளை அவரே தைத்தார். எல்லோரும் அவரை அம்மா என்று அழைத்தார்கள். தன்னைவிட மூத்த ஆண்களை அவர் அண்ணாச்சி என்று அழைத்தார்.

தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அரியநாயகம் அவர்முன் நின்றபோது தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதை நிறுத்தவில்லை.

"என்ன வேலை தெரியும் அண்ணாச்சி?"

ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் கேட் கீப்பராக இருந்ததைச் சொன்னார். பாட்டு, பாராயணம், தியானம் எதுவும் பழக்கமில்லை என்றார். மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை என்றார்.

"கேட்டு மூடத் தெரியும்மா. அவ்வளவுதான்."

"அப்ப மூடுங்க."

அப்படித்தான் அவர் சீடரானார்.

ஆசிரமத்து வாசலில் இருந்தது பக்கவாட்டில் நகரும் இரும்புக் கேட். அடியில் இரண்டு சக்கரங்கள். சிமென்டில் பதித்த ஒற்றைத் தண்டவாளத்தில் அவை உருளும். அந்தி சாய்ந்தால் காட்டுப்பன்றிகள் மரவள்ளித் தோட்டத்துக்கு இறங்கும் என்பதால் தினமும் இருட்டுமுன் கேட்டை மூடியாக வேண்டும். சமையல் செய்யும் கோமதி கூடத்து மணியைப் பன்னிரண்டு முறை அடிப்பாள். வெளியே போனவர்கள் அதற்குள் வந்துவிட வேண்டும். கடைசி மணியோடு கேட் மூடும். அதுதான் அங்கே வழக்கம்.

அவர் வரும்வரை அந்த வழக்கம் பேருக்குத்தான் இருந்தது. சில நாள் கேட் முன்னால் மூடும், சில நாள் மணி முடிந்து கால்மணி நேரம் திறந்தே கிடக்கும். அரியநாயகம் மூன்றே நாளில் அதன் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். தரை தூண் பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருந்தது. ஏழாவது மணிக்கு ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். மீதித் தூரத்தைக் கேட் தானே உருண்டுகொள்ளும். கம்பியில் ஒரு கையை வைத்தபடி கூடவே நடந்தால் பன்னிரண்டாவது மணியும் கேட் தூணில் முட்டும் சத்தமும் ஒன்றாகக் கேட்கும்.

எட்டு மாதத்தில் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. கோமதி அவரை ஸ்டேஷன் மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவள் கேலியாகத்தான் சொன்னாள். அவருக்கு அது பட்டம் மாதிரி இருந்தது.

ஆசிரமத்தில் ஒரு நாய் இருந்தது. யாரும் வளர்க்கவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. காய்ந்த கடுக்காயின் நிறத்தில் இருந்ததால் கடுக்காய் என்று பெயர். மாலையில் அது வெளியே புளியமரம் வரைக்கும் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எல்லோரும் வந்தபின் கடைசி ஆளாக உள்ளே வரும். மணியை அதுவும் எண்ணும் என்று கோமதி சொல்வாள். பத்தாவது மணிக்கு வாசலைத் தாண்டிவிடும்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் அது தாண்டவில்லை. வாசல்வரை ஓடிவந்து நின்றது. காட்டுப் பக்கமிருந்து ஏதோ வாசனை வந்திருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. வலது முன்கால் தண்டவாளத்தின் மேல் இருந்தது. கேட் உருண்டு வந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டாவது மணி கேட்டது. தூணில் முட்டும் சத்தம் கேட்கவில்லை.

கேட்டது வேறு சத்தம். முப்பத்தொரு வருடம் ரயிலடியில் இருந்தவருக்கு எத்தனையோ சத்தங்கள் தெரியும். அப்படி ஒன்றை அவர் கேட்டதில்லை.

கூடத்திலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். அம்மாதான் கேட்டைப் பின்னால் இழுத்தார். அரியநாயகம் கையைக் கம்பியிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எப்படி ஆச்சு என்று யாரோ கேட்டார்கள்.

"நான் பாக்கல" என்றார்.

கீழே டவுனில் கால்நடை மருத்துவமனை இருந்தது. கோமதியின் தம்பி லோடு ஆட்டோ கொண்டுவந்தான். டாக்டர் ஒரு இளம் பெண். காலை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். நடுவில் உள்ள இரண்டு விரல்களில் ஒன்று கூழாகிவிட்டது, எலும்பு தூள் தூளாகக் கிடக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றாள். எடுத்தாள். எப்படிப் பட்டது என்று அவளும் கேட்டாள். அரியநாயகம் அவளிடமும் பார்க்கவில்லை என்றே சொன்னார்.

மறுநாள் நாயை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்றாம் நாள், ஆறாம் நாள், ஒன்பதாம் நாள் கட்டு மாற்ற வேண்டும். பதினாலாம் நாள் தையல் பிரிப்பது. அதுவரை ஓடவோ குதிக்கவோ விடக்கூடாது. கட்டு நனையக்கூடாது. நாய் அதை நக்கவோ கடிக்கவோ கூடாது, கழுத்தைச் சுற்றி ஏதாவது மாட்டிவிட வேண்டும். கட்டுக்கு வெளியே இரண்டு விரல் நுனிகளைத் தெரியும்படி விட்டிருந்தாள். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாள். வீங்கினாலோ குளிர்ந்தாலோ நாள் பார்க்காமல் உடனே வர வேண்டும். புண் கெட்டு மேலே ஏறினால் காலையே எடுக்க வேண்டியிருக்கும்.

கடைசியில் சொன்னதுதான் அவர் காதில் நின்றது. காலையே எடுக்க வேண்டியிருக்கும். மற்றதில் மூன்று, ஆறு, ஒன்பது என்ற எண்கள் மட்டும் மிஞ்சின.

கட்டு மாற்றப் போவது யார் என்று டாக்டர் கேட்டாள்.

அம்மா அரியநாயகத்தைக் காட்டினார்.

ஆட்டோவில் திரும்பும்போது நாயை அவர் மடியில் வைத்துக்கொண்டார். மடியில் கிடந்த நாய், மயக்கம் பாதி தெளிந்த நிலையில், அவர் முகத்தைப் பார்த்து உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. சத்தம் வரவில்லை. பல் மட்டும்தான்.

கூடத்தின் ஓரத்தில் சாக்கு விரித்து அதைப் படுக்கவைத்தார்கள். அம்மா ஒரு பச்சைப் பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி எடுத்து, விளிம்பில் துணி வைத்துத் தைத்து அதன் கழுத்தில் மாட்டினார். பழைய காவி வேட்டியைக் கிழித்துச் சின்னச் சின்னப் பைகள் தைத்தார். ஒன்றுக்குப் போக வெளியே கூட்டிப்போகும்போது கட்டின் மேல் அந்தப் பையை மாட்டி, அதற்குமேல் ஒரு பால் கவரைச் சுற்ற வேண்டும். உள்ளே வந்ததும் கவரைக் கழற்றிவிட வேண்டும்.

அன்று மாலை அரியநாயகம் அம்மாவிடம் போனார். ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்றார். நாய் தன்னைக் கண்டாலே உறுமுகிறது, தன் கையால் அதற்கு நல்லது எதுவும் நடக்காது என்றார்.

அம்மா வாயில் இரண்டு குண்டூசிகளைக் கவ்வியிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினார்.

"மூணாம் நாள் கட்டு மாத்திட்டுப் போங்க."

மூன்றாம் நாள் வந்தது. கோமதி நாயின் தலையை வாளியோடு சேர்த்து மடியில் அணைத்துக்கொண்டாள். வாளிக்குள்ளிருந்து உறுமல் வந்தது. பிளாஸ்டிக்கில் பட்டு எதிரொலித்து, நாயைவிடப் பெரிய ஏதோ ஒன்று உள்ளே இருப்பதுபோல் கேட்டது. அரியநாயகம் அதன் வலது காலைப் பிடித்துக்கொண்டார். பழைய கட்டைப் பிரித்தார். கடைசிச் சுற்றில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்துத் தண்ணீரால் நனைத்து எடுத்தார். மூன்று விரல்களுக்கு நடுவே ஒரு வெற்றிடம். அதன்மேல் கறுப்பு நூலில் ஐந்து முடிச்சு. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பிக்கொண்டே புதுக் கட்டைப் போட்டார். அவிழ்ந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அவிழ்ந்தால் நாய் கடிக்கும், கடித்தால் தையல் விடும், தையல் விட்டால் புண் கெடும், கெட்டால் காலே போகும். அதனால் ஒரு சுற்றுக்கு ஒரு இழுப்பு இழுத்தார். மேலே இரட்டை முடிச்சுப் போட்டார். கேட்டின் சங்கிலியை அப்படித்தான் முப்பத்தொரு வருடம் கட்டியிருந்தார்.

"மூட்டை கட்டுதீகளா அண்ணாச்சி?" என்றாள் கோமதி.

அவர் ஊருக்குப் போகவில்லை. நாயை விட்டுப் போகவும் முடியவில்லை, அதன் அருகில் உட்காரவும் முடியவில்லை. நாலடி தள்ளி ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து குனிந்து பார்ப்பார். முடிச்சு இறுகியே இருக்கும். நாய் உறுமும். திரும்பி வந்து உட்காருவார். அம்மா சொல்லியிருந்தபடி இரண்டு வேளையும் மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் வைத்துத் தட்டில் தள்ளிவிடுவார், கைக்கெட்டாத தூரத்திலிருந்து, ஒரு குச்சியால்.

கேட் பக்கம் அவர் போகவே இல்லை. மணியையும் அடித்துவிட்டுக் கோமதியே ஓடிப்போய் மூடினாள். தூணில் கேட் முட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தோள் ஒருமுறை குலுங்கும். வாளிக்குள் நாயின் காதும் அதே நேரத்தில் பின்னால் மடங்கும். அதை அவர் ஒரு நாள் கவனித்தார். பிறகு அந்த நேரத்தில் நாயைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

நாலாம் நாள் இரண்டு விரல் நுனிகளும் ஒன்றைவிட்டு ஒன்று கொஞ்சம் விலகியிருப்பதுபோல் இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் நன்றாகவே விலகியிருந்தன. கட்டுக்கு மேலே கால் தடித்திருந்ததையும் பார்த்தார். நாளைக்கு ஆறாம் நாள், நாளைக்குத்தான் முறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முடிச்சைப் பார்த்தார். சரியாக இருந்தது.

மத்தியானம் குச்சியால் தட்டைத் தள்ளியபோது நாய் உறுமவில்லை.

ஐந்து நாளாக அவர் பயந்தது அந்த உறுமலுக்குத்தான். இப்போது அது இல்லை. தட்டை இன்னும் பக்கத்தில் தள்ளினார். உறுமல் இல்லை. குச்சியைப் போட்டுவிட்டுக் கிட்டே போனார். வாளிக்குள் இரண்டு கண்கள் அவரைப் பார்த்தும் பார்க்காமலும் இருந்தன. முதல் தடவையாக விரல் நுனியைத் தொட்டார். மண்பானையின் அடிப்பக்கம்போல் குளிர்ந்திருந்தது.

தையல் மிஷினுக்கு முன்னால் ஓடிப்போய் நின்றார். நாயின் பக்கம் கையைக் காட்டினார். குளிர்ந்திருக்கிறது என்றார். முறை நாளைக்குத்தானே என்றார். இன்றைக்கு அவிழ்த்தால் தப்பாகிவிடுமா என்றார்.

அம்மா கத்தரியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

இரண்டு பேரும் நாயிடம் போனார்கள். அம்மா அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்க முடியாமல் அரியநாயகம் கட்டின் கீழ்விளிம்பில் கத்தரியை நுழைக்கப் பார்த்தார். துணி தோலில் புதைந்திருந்தது. எங்கே துணி முடிகிறது, எங்கே தோல் தொடங்குகிறது என்று தெரியவில்லை. இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. மூக்கு கிட்டத்தட்டக் காலைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். ஒரு நூல், இன்னொரு நூல் என்று வெட்டினார். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

கட்டு விட்டது. கால் நிறம் மாறிப்போய்க் கிடந்தது. துணியின் ஒவ்வொரு சுற்றும் தோலில் தடம் போட்டிருந்தது. அவர் அந்தக் காலை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டோவுக்குச் சொல்ல ஆள் போயிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு அவர் கைக்குள் ஏதோ துடித்தது. வாளிக்குள்ளிருந்து மெல்ல, அடிவயிற்றிலிருந்து, உறுமல் வந்தது.

அவருக்கு உயிர் வந்தது.

டாக்டர் பார்த்தாள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் காலை எடுத்திருக்க வேண்டும் என்றாள். தையல் கெடவில்லை, பிழைத்துக்கொள்ளும் என்றாள். கட்டுக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும் என்று அவர் விரலையே பிடித்து நுழைத்துக் காட்டினாள்.

திரும்பும்போது வண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நாய் அவர் மடியில் தூங்கியது.

"அம்மா" என்றார். "அன்னைக்கு நான் பாத்தேன்."

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் தண்டவாளத்துல இருந்தது. நல்லாப் பாத்தேன். கை கம்பியிலதான் இருந்தது. பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த கேட் கீப்பர் ஒருவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கேட் இறங்க ஆரம்பித்துவிட்டால் நுழைகிறவன் முகத்தைப் பார்க்காதே, பார்த்தால் கை நின்றுவிடும், வண்டி நிற்காது. சைக்கிளோடு நுழைகிறவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குனிகிறவர்கள், யாருக்காகவும் அவர் கை நின்றதில்லை. அவர் கேட்டில் ஒரு விபத்தும் நடந்ததில்லை. ரயில்வேயில் அதற்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அதையெல்லாம் அம்மாவிடம் சொன்னார்.

"இங்க ரயில் எதுவும் வரலம்மா. மணிச் சத்தம்தான் வந்தது. அதுக்குத்தான் நிறுத்தல."

வண்டி திருப்பத்தில் குலுங்கியது. நாய் விழாமலிருக்க அவர் கையால் அணை கொடுத்தார்.

"இன்னைக்கு எத்தனாம் நாள் அண்ணாச்சி?" என்று அம்மா கேட்டார்.

"அஞ்சாம் நாள்."

"முறை நாளைக்குத்தானே. இன்னைக்கே அவுத்துட்டீங்க" என்றார் அம்மா.

பதினாலாம் நாள் தையல் பிரித்தார்கள். வாளியைக் கழற்றியதும் கடுக்காய் தலையைப் பலமுறை உதறியது. காது இரண்டும் இன்னும் தன்னோடுதான் இருக்கின்றனவா என்று பார்ப்பதுபோல் இருந்தது என்றாள் கோமதி. முதலில் மூன்று காலில் தத்தியது. பிறகு நாலாவதையும் ஊன்ற ஆரம்பித்தது. மேட்டில் ஏறும்போது மட்டும் கொஞ்சம் சாய்ந்தது. அரியநாயகம் காலை மாலை இருவேளையும் அதன் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். அது உறுமும். தொட விடும். உறுமும்.

ஆனால் தண்டவாளத்தைத் தாண்டாது.

வாசல்வரை வரும். தண்டவாளத்துக்கு ஓரடி முன்னால் நின்றுவிடும். உடம்பு முழுதும் நடுங்கும். இழுத்தால் படுத்துக்கொள்ளும். தினமும் அதைத் தூக்கி வெளியே விடுவதும், திரும்பத் தூக்கி உள்ளே கொண்டுவருவதும் கோமதிக்கு வேலையாகிவிட்டது. சமைக்கவும் வேண்டும், மணியும் அடிக்க வேண்டும், நாயையும் தூக்க வேண்டும், கேட்டையும் மூட வேண்டும். ஒரு நாள் எல்லாம் சேர்ந்து பிந்திவிட்டது. பன்றிகள் புகுந்து மரவள்ளியில் பாதியைத் தோண்டிப் போட்டன. அவற்றை விரட்டப் போனவளை ஒரு பன்றி திருப்பித் துரத்தியது. மாவு அரைக்கும் கல்லின் மேல் ஏறித் தப்பினாள்.

மறுநாள் அவள் அம்மாவிடம் முறையிட்டாள். அரியநாயகமும் அங்கே இருந்தார்.

"நாய்க்குப் போனது ஒரு விரல்தான்மா. அண்ணாச்சிக்கு ரெண்டு கையும்லா போயிட்டு."

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கோமதி போனபின் சொன்னார். கேட்டில் கை வைக்க முடியவில்லை. வாசல் பக்கம் நடந்தாலே கால் பின்னுகிறது. சக்கரம் உருளும் சத்தம் கனவில்கூட வருகிறது. நாய் அங்கே நின்று நடுங்குவதைப் பார்க்கும்போது, தான்தான் அங்கே நின்று நடுங்குவதுபோல் இருக்கிறது.

"இந்தப் பயம் எப்பம்மா போகும்?"

"சாயங்காலம் கேட்டுக்கு வாங்க" என்றார் அம்மா.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியபோது போனார். கேட் முழுதாகத் திறந்திருந்தது. கடுக்காயைக் கோமதி முன்னமே தூக்கி வெளியே விட்டிருந்தாள். அது புளியமரத்தடியில் படுத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா வாசலில், தூணிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வலது காலைத் தூக்கித் தண்டவாளத்தின் மேல் வைத்தார்.

கூடத்தில் மணி ஆரம்பித்தது.

மூன்றாவது மணி அடித்தபோதுதான் அரியநாயகத்துக்குப் புரிந்தது. வேண்டாம் என்றார். காலை எடுங்கள் என்றார். நாலாவது, ஐந்தாவது. அம்மா காலைப் பார்க்கவில்லை, கேட்டையும் பார்க்கவில்லை. காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறாவது. சரிவு எவ்வளவு, கேட் என்ன எடை, ஒரு தள்ளில் எவ்வளவு வேகம் எடுக்கும் என்பது அந்த ஆசிரமத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் காலுக்கு என்ன ஆகும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார்.

ஏழாவது மணி.

"தள்ளுங்க அண்ணாச்சி."

தள்ளினார்.

சக்கரம் உருண்டது. கேட் நகர்ந்த அந்தக் கணமே இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றிப் பின்னால் சாய்ந்தார். குதிகாலை மண்ணில் ஊன்றினார். கேட் அவரை இழுத்தது. எட்டு மாதம் அவர் அதைத் தள்ளித்தான் இருந்தார். பிடித்து நிறுத்திப் பார்த்ததில்லை. இவ்வளவு கனக்கும் என்று அவருக்குத் தெரியாது. கண் அந்தக் காலிலேயே இருந்தது. பெருவிரல் நகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. மிஷின் மிதித்து மிதித்துக் காய்ப்பு ஏறிய பக்கவிரல். ஐந்து விரல்களும் தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. மெல்ல நடுங்கின.

ஒரு முழம். முக்கால் முழம். ஒரு சாண். கேட் நாலு விரல் தூரத்தில் நின்றது.

பன்னிரண்டாவது மணி அடித்ததா என்று அவருக்குத் தெரியாது. அடித்துவிட்டுக் கேட் முட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்ததாகவும், சத்தம் வராமல் போனதும் கம்பைத் தேடி எடுத்ததாகவும் கோமதி பிறகு சொன்னாள்.

அம்மா காலை எடுக்கவில்லை.

"அது வரட்டும்" என்றார்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். கடுக்காய் எழுந்து வந்து தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. அம்மாவின் காலுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு நாய் நுழைய இடம் இருந்தது. அது குனிந்து தண்டவாளத்தை மோந்து பார்த்தது. அம்மாவின் விரல்களை மோந்து பார்த்தது. பின்வாங்கியது. புளியமரம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. மறுபடி பின்வாங்கியது.

கேட் ஒவ்வொரு கணமும் இழுத்துக்கொண்டே இருந்தது. உள்ளங்கை எரிந்தது. தோளில் ஏதோ அறுந்துவிடும்போல் இருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. காட்டோரத்தில் ஒரு புதர் அசைந்தது. மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. கோமதி ஒரு மூங்கில் கம்போடு ஓடிவந்து, கிட்டே வந்ததும் சத்தம் போடாமல் நின்றுவிட்டாள். பன்றிகள் இறங்குகின்றன என்று எல்லோருக்கும் தெரிந்தது.

நாய் அவரைப் பார்த்தது.

அவர் கேட்டை இன்னும் அரை விரல் பின்னால் இழுத்தார். எங்கிருந்து வந்தது அந்தப் பலம் என்று தெரியவில்லை.

கடுக்காய் வலது முன்காலைத் தூக்கியது. அந்தரத்தில் வைத்துக்கொண்டே இருந்தது. அந்த வெற்றிடம் அவருக்கு நேராகத் தெரிந்தது. பிறகு காலைத் தண்டவாளத்தில் படாமல், அதற்கு அப்பால், உள்ளே, மண்ணில் ஊன்றியது. மற்ற மூன்று கால்களும் ஒரே தாவலில் வந்து சேர்ந்தன. கோமதியின் சேலையை உரசிக்கொண்டு கூடத்தைப் பார்த்து ஓடியது.

அம்மா காலை எடுத்தார். அரியநாயகம் கேட்டைப் பிடித்தபடியே கடைசி அடிவரை கூட நடந்தார். தூணில் அது சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது. சங்கிலியை மாட்டினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பிற்பகல் அவர் தையல் மிஷினுக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளங்கள். கடுக்காய் அவருக்குப் பின்னால் நாலடி தள்ளி வந்து படுத்துக்கொண்டது. காலையில் விரலைத் தொடும்போது உறுமியதாகச் சொன்னார். அம்மா மிஷினை ஓட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு, தான் சொல்ல வந்ததைச் சொன்னார்.

"பயம் போகலம்மா. ராத்திரி முழுக்க உங்க காலே கண்ணுக்குள்ள நின்னுது. முன்னைக்கு இப்பக் கூடத்தான் இருக்கு."

மிஷின் நின்றது. அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"போகலையா?"

"போகலம்மா."

"அப்ப மூடுங்க."